வாக்கர்கள் எல்லோரும் ஒரே வம்சமா?

வாக்கர், ஃபுல்லர், டக்கர் ஆகிய மூன்று ஆங்கிலக் குடும்பப் பெயர்களும் ஒரே தொழிலில் பிறந்தவை. தறியிலிருந்து அறுத்தெடுத்த கம்பளித் துணி அப்படியே உடுத்த உதவாது. நெசவு தளர்ந்திருக்கும், ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரோ பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணோ கலந்த தண்ணீரை ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க இழைகள் பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். பிறகு மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி, விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். இந்த வேலை செய்தவருக்கு வட இங்கிலாந்தில் வாக்கர் என்று பெயர், தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். அதனால் இந்தப் பெயர்கள் வேலையையும் வட்டாரத்தையும் காட்டுமே தவிர, வம்சத்தைக் காட்டாது என்பதே என் வாதம்.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரோட்டத்தால் இயங்கும் ஆலைகள் வந்து, காலின் வேலையை மரச் சம்மட்டிகள் எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை. சம்மட்டி ஆலையில் வேலை பார்த்தவரும் வடக்கே வாக்கர்தான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நிலவுடைமையாளர்களிடம் தொடங்கிய பரம்பரைப் பெயர் வழக்கம் சாமானியரை எட்டவே நூற்றாண்டுகள் ஆயின. வடக்கே அது இன்னும் தாமதம். கம்பளி நெய்த ஊர் எதுவானாலும் துணி மிதிக்க ஆள் வேண்டும். ஊருக்கு ஊர், உறவே இல்லாத ஆட்கள் தனித்தனியாக இந்தப் பெயரைப் பெற்றார்கள். மகன் வேறு தொழிலுக்குப் போனபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தாலும் டெவனில் டக்கர்களும் யார்க்‌ஷயரில் வாக்கர்களும் செறிந்திருப்பது தெரியும்.

மரபணு ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 40 குடும்பப் பெயர்களைக் கொண்ட ஏறத்தாழ 1,700 ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டது. அட்டன்பரோ என்ற பெயருடையவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஒரே வகைக் குரோமோசோம் இருந்தது. அநேகமாக எல்லோருக்கும் மூதாதை ஒருவரே. ஆனால் அட்டன்பரோ ஓர் ஊரின் பெயரை ஒட்டிய அரிய பெயர். அதே ஆய்வில் ஸ்மித் என்ற கொல்லர் பெயரை வைத்திருந்தவர்களிடம் அப்படிப்பட்ட ஒற்றுமை இல்லை. ஏதோ வழியில் போகிறவர்களைப் பிடித்து ஒப்பிட்டதுபோல் இருந்தது. ஆக, அந்த ஆய்வு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: தொழிற்பெயருக்கு மூதாதையர் பலர்.

குடும்பச் சின்னம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். வாக்கர் குடும்பச் சின்னம் என்று கேடயம் வரைந்து விற்கிறார்கள். இங்கிலாந்து மரபில் சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் அளிக்கப்படுவது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல. சிறுநீர்த் தொட்டியில் நின்று உழைத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒரு பிரபுவின் கேடயத்தை விற்பது அந்த உழைப்பை மறைக்கிற வேலை. தன் முன்னோரைத் தேடும் வாக்கர் ஒருவர் போக வேண்டிய இடம், 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டு எழுதத் தொடங்கிய ஆலயப் பதிவேடுகள். அங்கே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போகலாம்.