ஆயுதமில்லாத மெய்க்காவல்

டிசம்பர் 5, சர்வதேசத் தன்னார்வலர் தினம். ஐ.நா. தன்னார்வலராக விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாளா, போனால் துப்பாக்கி தருவார்களா என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில், இல்லை. ‘அமைதிக்குப் பங்களிப்பு’ என்று ஐ.நா. எழுதும்போது கணக்கெழுதுவது முதல் தேர்தல் பணி வரை எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் ஐ.நா.வுக்கு வெளியே, உண்மையிலேயே உயிரைக் காக்கும் ஒரு வேலை இருக்கிறது: ஆபத்தில் இருப்பவருடன் கூடவே இருப்பது.

குவாத்தமாலா, 1985. ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நடத்திய அமைப்பின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்களுடன் ‘பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பின் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் இரவும் பகலும் இருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை, கூட்டம் நடந்தால் வாசல்படி. ஆயுதம் எதுவும் கிடையாது.

இதில் ஒளிவுமறைவே இல்லை. இன்னாருடன், இன்ன ஊருக்குப் போகிறோம் என்று ராணுவத்துக்கும் போலீசுக்கும் தூதரகங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கொல்ல உத்தரவிடக்கூடியவருக்குத் தெரிந்தால்தான் பலன். உள்ளூர்ப் பெண் ஒருத்தி செத்தால் கேட்க ஆளில்லை. வெள்ளைக்காரர் ஒருவரின் கண்ணெதிரே செத்தால் தூதர் கேட்பார், நிதியுதவி தரும் நாடு கேட்கும். அந்தத் தலைவலி வேண்டாமென்று உத்தரவு நின்றுபோகும். இலங்கையில் ஆட்கொணர்வு மனு போட்டதற்காக மிரட்டப்பட்ட வழக்கறிஞர்கள் அழைத்ததன் பேரில், 1989இல் அங்கும் இதே குழு போனது.

எனக்கு உறுத்துவது இதுதான்: வெளிநாட்டு உயிருக்கு விலை அதிகம் என்ற அநியாயம் இருக்கும்வரைதான் இந்தக் காவல் செல்லும். ஆனாலும் இதைக் கேட்டு வாங்கியவர்கள் சாவின் மிரட்டலில் இருந்தவர்கள். அவர்களிடம் போய் இது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. வெளிநாட்டார் பேச்சைப் பொருட்படுத்தாத படையிடம் இது பலிக்காது. 2003இல் ரஃபாவில், பாலஸ்தீனர் வீட்டை இடிக்கவிடாமல் மறித்து நின்ற அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரி இஸ்ரேலிய ராணுவ புல்டோசர் மோதி இறந்தார். இத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்று யார் எண்ணிக்கை சொன்னாலும் நான் தயங்குவேன். நடக்காமல் போன கொலையை எப்படி எண்ணுவது?

மற்ற கேள்விகள். சம்பளம்? ஐ.நா. தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கான படி உண்டு.

கட்டணம்? ஐ.நா. வாங்குவதில்லை, அதன் பெயரில் யாராவது கேட்டால் மோசடி.

மொழி? பீஸ் பிரிகேட்ஸ் குழுவுடன் கொலம்பியாவுக்குப் போக ஸ்பானிஷ் கட்டாயம்.