மணல் இருந்தா மட்டும் போதுமா?

படூர் பக்கத்துல இருக்கிற கோவளம் பீச் மணலில் தண்ணீர் ஊத்துங்க, உடனே இறங்கிடும். களிமண்ணில் ஊத்தினா தேங்கி நிற்கும். ஆழ்கடல் எண்ணெய், எரிவாயு தேடலிலும் கேள்வி இதேதான்.

ஆறு கொண்டுவரும் மணலும் சேறும் கடலடிச் சரிவில் இறங்கி, அடிவாரத்தில் விசிறி மாதிரி விரியும், புதைந்து பாறையாகும். அதில் துளைகள் இருந்தால் போதாது, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கணும். நடுவே சேற்றுப் படலம் வந்தால், ஒரு கிணற்றால் பக்கத்து மணலில் இருக்கும் வாயுவை இழுக்க முடியாது.

கிருஷ்ணா-கோதாவரி படுகையின் கேஜி-டி6 வயலைப் பாருங்க. 2002-ல் கண்டுபிடிப்பு, 2009-ல் உற்பத்தி. இலக்கு நாளைக்கு 8 கோடி கன மீட்டர். 2010-ல் சுமார் 6 கோடியைத் தொட்டு, பிறகு சரிந்தது. கிணறுகள் போதவில்லை என்றது அரசு. பாறையின் சிக்கல் என்றது நிறுவனம். 2020-ல் அந்த முதல் வயல்களில் உற்பத்தியே நின்றது.

சைஸ்மிக் படத்தில் மணல் தெரியலாம். அது இணைந்திருக்கா என்பதை முழுசா சொல்வது கிணறும் அதன் அழுத்தமும்தான்.