விழுந்தாலும் வெடியாத ரிவால்வர்

1873-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரில் ஆறு தோட்டாக்களுக்கு இடமிருந்தும், அனுபவசாலிகள் ஐந்தையே நிரப்பிக்கொண்டு, சுத்தியலுக்கு நேரேயுள்ள அறையைக் காலியாகவே விட்டுவைப்பார்கள். சுத்தியலின் முகத்திலேயே ஊசி பொருந்தியிருந்தபடியால், ஆயுதம் கைநழுவிச் சுத்தியல் தரையில் மோதினால், விசையை எவரும் தொடாமலே தோட்டா வெடித்துவிடும். சுத்தியலைச் சற்றுப் பின்னிழுத்து நிறுத்திவைக்க ஒரு வெட்டு இருந்ததென்றாலும், பலத்த அடிக்கு அது தாங்குவதில்லை. ஆகவே, மனிதனுடைய ஜாக்கிரதை ஒன்றே பிராணனுக்குக் காவலாயிருந்தது. அவன் மறந்த தினத்தில் அந்தக் காவலும் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐவர் ஜான்சன் கம்பெனியார் கண்ட உபாயம் மிகவும் நுட்பமானது. ஊசியைச் சுத்தியலினின்று பிரித்துச் சட்டத்தில் வைத்து, சுத்தியல் தானாக அதைத் தொட இயலாதபடி செய்து, விசையை இழுக்கும்போது மட்டும் மேலெழும்பும் சிறு தகடு ஒன்றை இடையில் அமைத்தார்கள். அடியை ஊசிக்குக் கடத்துவது அத்தகடே. விரல் விசையில் இல்லையேல் தகடு கீழேயிருக்கும். அடி ஊசியைச் சேராது. சம்மட்டியால் சுத்தியலை அடித்துப் பார்க்கும்படி அவர்கள் தைரியமாக விளம்பரமும் செய்தார்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் வேறு மார்க்கத்தைக் கைக்கொண்டு, சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவே தடையாக நிற்கும் உறுப்பை வைத்தார்கள். ஆனால் அது தன் ஸ்தானத்துக்குத் திரும்புவதற்கு வில்லின் பலத்தையே நம்பியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944-இல், கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த அவர்களுடைய ரிவால்வர் வெடித்துக் கடற்படை வீரர் ஒருவர் மாண்டார். உள்ளே பூசிய கொழுப்பு இறுகினால் அந்த வில் செயலற்றுப்போகக் கூடும் என்பது அப்போது புலனாயிற்று. உடனே, விசை முன்னோக்கித் திரும்பும் அசைவே தடையைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தும்படி புதிய அமைப்பைச் செய்து, அதற்கு அடையாளமாக வரிசை எண்ணுடன் எஸ் என்ற எழுத்தையும் பொறித்தார்கள். ஓர் உயிரைப் பலிகொண்ட பின்னரே இத்திருத்தம் வந்ததென்பது வேதனைக்குரியது; வில் களைத்துப்போகலாம் என்பதை முன்னரே சிந்தித்திருக்க வேண்டும்.

இதற்குப் பின்னரும் பழைய கோல்ட் பாணியைத் தழுவிய ரிவால்வர்கள் விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தன. அவ்வகையில் பெயர்பெற்ற ரூகர் கம்பெனியார் 1973-இல்தான் தகட்டு முறைக்கு மாறினார்கள். அதற்கு முன் தாங்கள் விற்றவற்றுக்கும் அந்தத் தகட்டைக் கட்டணமின்றிப் பொருத்தித் தர முன்வந்து, கழற்றிய பழைய உறுப்புகளையும் உரியவரிடமே திருப்பி அனுப்பினார்கள்.