அணையாத அடுப்பு

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், மெம்ஃபிஸ் நகரில் என் மகள் வசிக்கிறாள். 2022-ல் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, "அத்தை, இந்த ஊருக்கு வந்துட்டு பார்பிக்யூ சாப்பிடாமப் போனா, மதுரைக்குப் போயிட்டு ஜிகர்தண்டா குடிக்காம வர்ற மாதிரி" என்று சொல்லி, மாப்பிள்ளை எங்களை 'கோஸி கார்னர்' என்ற கடைக்கு அழைத்துப் போனார்.

பெரிய ஓட்டலாக இருக்கும் என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால், நம்ம ஊர் மெஸ் மாதிரி எளிமையான கடை! காரை விட்டு இறங்கும்போதே கரிப்புகை வாசனை மூக்கைத் துளைத்தது.

பார்பிக்யூ என்றால் கம்பியில் குத்தி தீயில் வாட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே தென் மாநிலங்களில் அப்படி இல்லை. கரியின் மிதமான சூட்டிலும் புகையிலும் மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். அவசரப்பட்டு சூட்டை ஏற்றினால், மேலே கருகி உள்ளே விறைத்துப் போகும்.

மெம்ஃபிஸில் பன்றி விலாக்கறிதான் பிரசித்தம். நான் சாப்பிட மாட்டேன் என்பதால், இந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்த 'கார்னிஷ் ஹென்' சொன்னார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவான இளங்கோழி. முழுசாக அப்படியே தட்டில் வந்தது! தொட்டதுமே எலும்பு தனியே கழன்றது. காரமும் லேசான இனிப்புமாக நல்ல ருசி. தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ் பச்சடி, ரொட்டித் துண்டு.

சாப்பிடும்போது மாப்பிள்ளை அந்தக் கடையின் கதையைச் சொன்னார். 1977-ல் ரேமண்ட் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் ஆரம்பித்தாராம். 2001-ல் அவர் இறந்ததும், மனைவி டெசிரே ராபின்சன் பொறுப்பை ஏற்றிருக்கிறார். பிள்ளை, பேரன் என்று குடும்பமே கூட நின்றிருக்கிறது. 2015-ல் கடையில் தீப்பிடித்தபோதும் அவர் ஒதுங்கி உட்காரவில்லை. மறுபடி கடையை நடத்திக் காட்டினார். ஆண்கள் கோலோச்சும் இந்தத் தொழிலில், 2020-ல் பார்பிக்யூ சாதனையாளர்களுக்கான 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் அவருக்குக் கிடைத்ததாம்.

கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காரமா இருக்காம்மா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

என் கணவரும் விருதுநகரில் 22 வருஷம் மெஸ் நடத்தியவர்தான். 2006-ல் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கறிக்கடைக்கு எவ்வளவு பாக்கி, குழம்புக்கு மசாலா என்ன அளவு, யார் நமக்குப் பணம் தரணும்... எனக்கு ஒன்றுமே தெரியாது. "கடைப்பக்கம் நீ வரவேண்டாம், ராணி மாதிரி வீட்ல இரு" என்பார். நானும் அதைப் பெருமையாக நினைத்து இருந்துவிட்டேன். "பொம்பளை கல்லாவுல உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்கள் சொந்தக்காரர்கள். மூன்றே மாதத்தில் கடையை மூடி, அண்டா, குண்டானை எல்லாம் எடைக்குப் போட்டேன். வேலை பார்த்த ஆறு பேரும் கலங்கி நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, பலகாரக்கடை வைத்திருக்கும் என் மகனிடம், "தினமும் இரண்டு மணி நேரம் மருமகளையும் கடையில் உட்கார வை" என்றேன். "அவளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சிரித்தான். என் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. இப்போது கொள்முதல், கணக்கு நோட்டு, பாகு பதம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி!

சகோதரிகளே, கணவர் தொழிலில் நாம் தலையிட வேண்டாம், தெரிந்தாவது வைத்துக்கொள்ளலாமே! அவர் நன்றாக இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். ராணி மாதிரி இருந்தது போதும்.

- ஒரு வாசகி, விருதுநகர்.