ஆற்றங்கரைச் சிற்றுயிர்க் கணக்கு

ஆற்றின் வளம் அதன் நீரில் மட்டும் இல்லை, கரையிலும் உண்டு. காவிரிக் கரையில் நடந்து செல்வோர், நீர் தேங்கும் ஓரங்களிற் சம்பும் கோரையும், மணல் மேடுகளில் நாணலும், அவற்றிற்கு மேலே மருதமும் புங்கும் நிற்கக் காண்பர். இப்பசுமையினூடே கண்ணுக்கு எளிதிற் புலப்படாத பெருங்குடி ஒன்று வாழ்கின்றது. நாணலின் தோகையை வெட்டுக்கிளி கறிக்கின்றது. இளந்தளிரின் சாற்றை அசுவுணி உறிஞ்சுகின்றது. அந்த அசுவுணியைப் பொறிவண்டு உண்கின்றது. பறந்து திரியும் சிறு பூச்சிகளைத் தட்டான் பற்றி உண்கின்றது. நம் முன்னோர் இச்சிற்றுயிர்களைப் புறக்கணித்தாரல்லர். எறும்பை மூவறிவுயிர்களுள்ளும் தும்பியை நான்கறிவுயிர்களுள்ளும் வைத்துத் தொல்காப்பியர் வகைப்படுத்தினார்.

இக்குடியின் தொகை எவ்வளவு, வகை எத்தனை என்று அறிய விரும்பினால் என் செய்வது? கரையிலுள்ள பூச்சிகளை ஒன்றுவிடாமல் எண்ணுதல் எவர்க்கும் இயலாது. ஆகவே, சிறு பகுதியை எடுத்து ஆராய்ந்து முழுமையை உய்த்துணர்தல் வேண்டும். இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி உங்கள் நினைவிற்கு வரலாம். பானைச் சோறு ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தது. ஆதலின் ஒரு சோறு பதம் காட்டுகின்றது. ஆற்றங்கரையோ அவ்வாறு ஒரு சீராக அமைந்ததன்று. நீரோரத்தில் வாழும் பூச்சி மேட்டில் இராது. கோரையை விரும்புவது மருதத்தை நாடாது. எனவே, பல இடங்களிற் பல முறை எடுத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

முதலாவது, இடத்தைத் தேர்தல். நீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி நேர்க்கோடாக ஒரு கயிற்றைப் பிடித்து, கோரைப் பகுதி, நாணற்பகுதி, மரப்பகுதி எனக் கரையைக் கூறுபடுத்துதல் நன்று. ஒவ்வொரு கூற்றிலும் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரங்கள் சிலவற்றை அளந்து கொள்ள வேண்டும். பூ நிறைந்த இடத்தையும் வண்டு மொய்க்கும் செடியையுமே கண்டு கண்டு தேர்ந்தால் கணக்குப் பொய்த்துவிடும். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கூறும் குடவோலை முறையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஓலைகளைக் குடத்திலிட்டு ஒருசார்பின்றி எடுத்தது போல, சதுரங்களுக்கு எண்ணிட்டுச் சீட்டெடுத்துத் தேர்தலே நேர்மையான முறையாகும்.

இரண்டாவது, கருவி. புல்லிலும் நாணலிலும் உள்ள பூச்சிகளைப் பிடிக்கக் கைப்பிடியுள்ள துணிவலையை இருபுறமும் வீசுவர். ஓரிடத்தில் ஐம்பது வீச்சு எனின், எவ்விடத்திலும் ஐம்பது வீச்சே வீசுதல் வேண்டும். மரக்கிளையின் கீழே வெள்ளைத் துணியை விரித்துக் கிளையைக் கோலால் தட்டினால், இலைகளில் மறைந்திருப்பவை துணியில் உதிரும். தரையில் ஓடும் வண்டுகளையும் எறும்புகளையும் பிடிக்க, ஒரு குவளையை அதன் வாய் மண்மட்டத்திற்குச் சமமாக இருக்கும்படி புதைத்து வைப்பர். இரவிற் பறப்பவற்றை விளக்கொளியும் வெண்டுணியும் ஈர்க்கும்.

இவற்றுள் எதுவும் முழு உண்மையைத் தாராது. தண்டின் அடியைப் பற்றியிருக்கும் பூச்சி வலைக்குத் தப்பிவிடும். மிகுதியாக ஓடித் திரிவதே குவளையில் மிகுதியாக விழும். நிலவு நாளில் விளக்கை நாடி வரும் பூச்சிகள் குறையும். ஆதலால், பல கருவிகளைப் பயன்படுத்துவோர், ஒரு கருவியிற் கிடைத்ததை மற்றொன்றிற் கிடைத்ததனோடு நேராக ஒப்பிடலாகாது.

உயிரைக் கொல்லாமலே அறியும் வழியும் உண்டு. தட்டான் தன் இளமைப் பருவத்தை நீருக்குள் கழிக்கின்றது. வளர்ச்சி முற்றியதும் கோரைத் தண்டின்மேல் ஏறி, பழைய தோலைச் சட்டைபோற் கழற்றிவிட்டுச் சிறகுடன் வெளிப்படுகின்றது. தண்டில் ஒட்டியிருக்கும் அச்சட்டைகளை எண்ணினால், எத்தனை தட்டான்கள் அங்குப் பிறந்தெழுந்தன என்பதை ஓரளவு அறியலாம். பறக்கும் தட்டான் வேற்றிடத்திலிருந்து வந்திருக்கலாம். சட்டையோ அந்நீரே அதனை வளர்த்தது என்பதற்குச் சான்றாகும்.

மூன்றாவது, காலமும் குறிப்பும். பனியால் வலை நனையும் விடியலிலும், மழையிலும், பெருங்காற்றிலும் எடுத்த கணக்கு ஏனைய நாட்களின் கணக்கோடு ஒவ்வாது. நாள், நேரம், இடம், செடியின் பெயர், கருவி, வெயில், காற்று ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைத்தல் இன்றியமையாதது. குறிப்பில்லாத பூச்சி, முதலும் முடிவும் இழந்த ஏட்டுச்சுவடியை ஒக்கும். எங்குரியது, எக்காலத்தது என்று எவராலும் சொல்ல இயலாது.

இனி, எண்ணியதை எடையிடும் முறையைக் காண்போம். இரண்டு கரைகளில் நூறு நூறு பூச்சிகள் கிடைத்தன என்றும், இரண்டிலும் பத்துப் பத்து வகைகள் இருந்தன என்றும் கொள்வோம். முதற் கரையில் ஒரே வகை 91 ஆகவும், ஏனைய ஒன்பதும் ஒவ்வொன்றாகவும் உள்ளன. இரண்டாவதிலோ ஒவ்வொரு வகையும் பத்தாக உள்ளது. இவை ஒத்த கரைகளாகுமா? ஆகா. பிரிட்டன் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் சிம்சன் 1949-இல் இதற்கொரு வழி காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பூச்சிகளை எடுத்தால் அவை ஒரே வகையாக அமையும் வாய்ப்பு யாது என்பதே அவர் எழுப்பிய வினா. முதற் கரையில் அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 83. இரண்டாவதில் ஏறக்குறைய 9. வாய்ப்புக் குறையக் குறைய, அக்கரையின் பன்மை மிகுதி என்பது பொருள்.

இத்துணைத் துன்பம் எதற்கு என்பீராயின், ஜெர்மனி நாட்டிலிருந்து விடை கிடைக்கின்றது. ரைன் ஆற்றின் அருகேயுள்ள கிரெஃபெல்டு நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள், பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் ஒரே வகைக் கூடாரப் பொறிகளை அமைத்து, சிக்கிய பறக்கும் பூச்சிகளை நிறுத்து எழுதி வந்தனர். 1989 முதல் 2016 வரை சேர்ந்த அக்கணக்கை ஆராய்ந்தபொழுது, 27 ஆண்டுகளில் அவற்றின் எடை நூற்றுக்கு 75-க்கு மேற் குறைந்திருப்பது தெரிந்தது. 2017-இல் வெளியான இச்செய்தி உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்த செல்வத்தைக் கண் காணவில்லை, கணக்கே காட்டியது.

நம் ஆற்றங்கரைகளும் மாறி வருகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நீரை மூடுகின்றது. மணல் அள்ளப்படும் இடத்தில் நாணல் வேரற்றுப் போகின்றது. செடி மாறினால் அதனை நம்பிய பூச்சியும் மாறும். பூச்சி மாறினால் அதனை உண்ணும் பறவையும் மீனும் மாறும். இன்று என்ன இருக்கின்றது என்று எழுதி வையாதவர், நாளை என்ன போயிற்று என்று எவ்வாறு அறிவர்?

மாணவர்களே! வெள்ளமில்லாக் காலத்தில், ஆசிரியரின் துணையோடு, உங்கள் ஊர் ஆற்றங்கரைக்கோ வாய்க்காற்கரைக்கோ செல்லுங்கள். பார்த்தபின் விட்டுவிடக் கூடியவற்றை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே முறையில், அதே பருவத்தில் எண்ணுங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவர்க்கு அக்குறிப்பேட்டை ஒப்படையுங்கள். பொறுமையோடு எழுதிய அச்சிறு கணக்கு, ஓர் ஆற்றின் நலத்துக்குச் சான்று பகரும்.