விளங்காத கைக்கு கண்ணாடி வைத்தியம்! அருவியில் நின்றால் பக்கவாதம் போகுமா?

தென்காசி:-

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் ஒரு காலை இழுத்து இழுத்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பக்கவாதம் வந்தவர்கள்.

"நல்லா எண்ணெய் தேய்ச்சு நாலு நாள் அருவியில நின்னா, விளங்காத கை விளங்கிரும்" என்ற ஊர்ப்பேச்சை நம்பி வருகிறார்கள்.

கை விளங்குமா?

விளங்க வைக்க வழி இருக்கிறது. ஆனால் அது அருவியில் இல்லை. மருந்து, கத்தி இல்லாமல் செய்யும் பல சிகிச்சைகளை டாக்டர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். விலை உயர்ந்த எந்திரம் ஜெயிக்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஜெயித்தது!

அந்தக் கண்ணாடி வைத்தியத்துக்கு வழிகாட்டியவர், சென்னையில் டாக்டருக்குப் படித்த ஒரு தமிழ்நாட்டுக்காரர்.

கோளாறு கையில் இல்லை

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ, வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. மூளையின் இடது பக்கம் கெட்டால் வலது கை, கால் விழுந்துவிடும். வலது பக்கம் கெட்டால் இடது கை, கால்.

ஆக, கோளாறு கையில் இல்லை. கைக்கு உத்தரவு போடும் மூளையில் இருக்கிறது. கையில் எத்தனை படி எண்ணெய் தேய்த்தாலும் அந்த உத்தரவு வந்துவிடாது.

மூளையில் செத்துப்போன பகுதி மறுபடி உயிர் பெறாது. ஆனால் மிச்சம் இருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். சின்னப்பிள்ளை எழுதிப் பழகுவது மாதிரி, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்றுக்கொள்ளும்.

ஸ்டான்லியில் படித்தவர்

வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளர் ஆனார். 2007-ம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார்.

கையை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வலி வரும். அந்த வலிக்கு 1990-களில் அவர் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி, போன கை திரும்ப வந்ததுபோல மூளையை நம்பவைத்தார்.

அதே வித்தையை பக்கவாதத்துக்கும் செய்து பார்த்தார்கள். எரிக் ஆல்ட்ஷுலர், ராமச்சந்திரன் முதலியோர் 9 நோயாளிகளுக்கு நடத்திய சோதனை, 1999-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கண்ணாடிக்குப் பதில் உருவம் தெரியாத வெறும் பிளாஸ்டிக் தகட்டையும் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி வைத்தபோது பலன் அதிகம் தெரிந்தது.

9 பேர் போதாது அல்லவா? பல நாடுகளில் சோதனை தொடர்ந்தது. 2018-ல் 62 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 1,982 பேர். வழக்கமான பயிற்சியோடு கண்ணாடியும் சேர்ந்தால் கை, கால் அசைவு தேறுகிறது, அன்றாட வேலை செய்யும் திறமையும் கூடுகிறது என்று தெரிந்தது. முழு குணம் என்று யாரும் சொல்லவில்லை.

எப்படிச் செய்வது?

நோயாளியை மேஜை முன் உட்காரவைத்து, இரண்டு கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்துகிறார்கள். கண்ணாடி நல்ல கையைப் பார்த்து இருக்கும். விளங்காத கை பின்னால் மறைந்திருக்கும்.

நல்ல கையை மூடி மூடித் திறக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் விளங்காத கையே அசைவதுபோலத் தெரியும். பின்னால் இருக்கும் கையையும் அதேபோல அசைக்க முயற்சி செய்ய வேண்டும். பிசியோதெரபி தெரிந்தவரிடம் முதலில் கற்றுக்கொண்டு, வீட்டில் தினமும் தொடரலாம்.

நல்ல கைக்குப் பூட்டு!

இன்னொரு முறையும் ஜெயித்தது. விளங்காத கையைச் சும்மா விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நல்ல கையாலேயே செய்வது நோயாளிகளின் வழக்கம். அதனால் விழுந்த கை மேலும் விழுகிறது.

எனவே நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டார்கள்! விளங்காத கையாலேயே வேலை செய்ய வைத்து 2 வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2006-ல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

எந்திரம் என்ன ஆயிற்று?

கையைப் பிடித்து அசைக்கும் ரோபோ எந்திரத்தை இங்கிலாந்தில் சோதித்தார்கள். மொத்தம் 770 பேர். 2019-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட எந்திரம் மேல் என்று நிரூபிக்க முடியவில்லை.

தலைக்கு வெளியே இருந்து காந்த அலை செலுத்தும் சிகிச்சையை அமெரிக்காவில் 199 பேரிடம் சோதித்து, 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். நிஜமாகவே அலை பெற்றவர்களும், பெற்றதாக நினைத்துக்கொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். இரு பிரிவினருக்கும் பொதுவாகக் கொடுத்தது கைப்பயிற்சி!

அதற்காக, முதல் நாளே நோயாளியை எழுப்பி நடக்க வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பிப் பயிற்சி கொடுத்தால் நல்லதா என்று 5 நாடுகளில் 2,104 பேரிடம் பார்த்தார்கள். அதிகப் பயிற்சி பெற்றவர்கள்தான் பின்தங்கினார்கள். இது 2015-ல் வந்த முடிவு. எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் நடந்தது

இந்தியாவிலும் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளிடம் பெரிய சோதனை நடந்தது. வீட்டில் இருக்கும் மனைவி, மகனுக்குப் பயிற்சி முறையைச் சொல்லிக்கொடுத்து, அவர்களையே செய்யச் சொன்னார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2017-ல் 'லான்செட்' இதை வெளியிட்டது.

சொல்லிக்கொடுத்துவிட்டு எல்லாப் பாரத்தையும் வீட்டார் தலையில் வைத்தால் போதாது என்பதுதான் இதில் தெரிவது. பயிற்சி தெரிந்தவர் தொடர்ந்து வந்து பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு விவரம் தெரிந்துகொள்ளலாம்.

அருவியில் ஆபத்து

விளங்காத தோள் தளர்ந்துபோய் இருக்கும். முரட்டுத்தனமாகத் தேய்த்து இழுத்தால் மூட்டு நழுவும். உணர்ச்சி குறைந்த கையில் கொதிக்கும் எண்ணெய் பட்டால் வெந்துபோவதுகூடத் தெரியாது. அசையாத காலில் ரத்தம் உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். வழுக்குப் பாறையில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

4½ மணி நேரம்

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? தூக்கிய கை கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே போடுவார்கள். தென்காசியில் இருந்து நெல்லை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு சுமார் 55 கிலோ மீட்டர். வழியிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு "காலையில பாப்போம்" என்று உட்கார நேரமே இல்லை.

முதலில் ஆஸ்பத்திரி. அடுத்து தினசரி பயிற்சி. குற்றால அருவி எங்கேயும் ஓடிவிடாது. நடை நன்றாகத் தேறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அடுத்த சீசனுக்கு வந்து கொள்ளலாம்!