2024 ஜூலை 29க்குள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்த பட்டியல்

கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024 ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்காவுக்கு வெளியேயும் நின்றுவிட்டதைத் தொடர்ந்து நமக்கு வந்த கடிதங்களில் பல, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் முதலிய அந்நிய பாஷைகளின் நிகழ்ச்சிகளை விடாமல் கேட்டுப் பழகிய வாசகர்கள் எழுதியவை. தாங்கள் கேட்டுவந்தவை யாவும் அழிந்துபோயினவா, அந்த வானொலி நிலையங்களே மூடப்பட்டனவா, ஜூலை 29 என்று ஒரு தேதி சொல்லப்படுகிறதே அது எதற்கு என்று அவர்கள் கலக்கத்துடன் கேட்டிருந்தார்கள்.

நிலையம் எதுவும் இதனால் மூடப்படவில்லை. நிகழ்ச்சி எதுவும் அழியவில்லை. அவற்றைக் கேட்பதற்கு இருந்த வாயில்களில் ஒன்று மாத்திரமே அடைபட்டது. இத்தனை காலமாக நீங்கள் தேடித் தேடிச் சேர்த்த நிகழ்ச்சிகளின் பட்டியலை அந்தச் செயலியிலிருந்து வெளியே எடுத்துக்கொள்வதற்குக் கொடுக்கப்பட்டிருந்த அவகாசம்தான் அந்த ஆண்டு ஜூலை 29இல் முடிந்தது.

பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குச் சுலபமாகக் குடிமாறலாம் என்ற தோரணையில் யூடியூப் மியூசிக்கைக் கை காட்டிய கூகுள் நிறுவனம், 2023 செப்டம்பரில் இம்முடிவை அறிவித்தபோது ஒரு கணக்கையும் காரணமாகக் காட்டியது: அமெரிக்காவில் வாரந்தோறும் பாட்காஸ்ட் கேட்பவர்களில் சுமார் 23 சதவீதத்தினர் யூடியூபையே அதிகமாக உபயோகித்தார்களாம், கூகுள் பாட்காஸ்ட்ஸை அவ்வாறு உபயோகித்தோர் 4 சதவீதமே. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆயினும் அது அமெரிக்காவில் எடுத்த கணக்கு என்பதையும், மதுரையில் இருந்துகொண்டு பாரிஸ் வானொலியைக் கேட்கும் ஒருவருடைய தேவை அதில் எந்த இடத்திலும் சேராது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே அந்தக் காரணத்தை மதிப்பிட வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு அருமையானது என்பதைச் சில உதாரணங்களால் சொல்லலாம். லிமா நகரில் பிறந்த நாவலாசிரியர் டேனியல் அலார்கோனும் கரோலினா கெரேரோவும் மற்றும் சிலரும் சேர்ந்து தொடங்கி, 2012 முதல் ஒலித்துவரும் ‘ரேடியோ ஆம்புலான்டே’, லத்தீன் அமெரிக்காவின் சாமானிய மனிதர்களுடைய வாழ்க்கைகளை ஸ்பானிஷ் மொழியில் அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறது. பிரெஞ்சுப் பொது வானொலியின் ஃபிரான்ஸ் கூல்த்யூர் நிலையத்தில் சோனியா க்ரோன்லுன்த் 2002 முதல் நடத்திவரும் ‘லே பியே சூர் தேர்’ இன்னும் ஒரு படி மேலே போய், வர்ணனையாளரின் குரலையே நீக்கிவிட்டு, அனுபவித்தவரின் பேச்சை மட்டும் சுமார் அரை மணி நேரம் நம் காதில் விட்டுவிடுகிறது. தயக்கமும் பெருமூச்சும் நடுவில் நேரும் மௌனமும் எல்லா பாஷைகளுக்கும் பொதுவாகையால், பாதி வார்த்தைகள் புரியாதவருக்கும் அந்த மனிதர் புரிந்துவிடுகிறார்.

இயற்கையை ரசிப்பவருக்கு, பி.பி.சி. 2013 மே மாதம் ஆரம்பித்த ‘ட்வீட் ஆஃப் த டே’ இருக்கிறது: ஒன்றரை நிமிஷத்தில் ஒரு பறவையின் குரலும் அதன் வரலாறும். டேவிட் அட்டன்பரோ பேசிய முதல் நிகழ்ச்சி குக்கூ பறவையைப் பற்றியது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் நம் ஊர்க் குயிலின் தூரத்து உறவான அந்தப் பறவை, அங்கே நாணற்காட்டுச் சிறு பறவைகளின் கூட்டில் அதே காரியத்தைச் செய்கிறது என்று அறியும்போது, நம் தோப்பில் கேட்கும் குரலுக்கும் நமக்குப் புதிய கவனம் பிறக்கிறது. கலையை நாடுபவருக்கு, பிரிட்டிஷ் மியூசியத்தின் தலைவராயிருந்த நீல் மெக்கிரிகர் 2010இல் 100 பொருள்களைக் கொண்டு உலக சரித்திரத்தைச் சொன்ன தொடர் உண்டு. இங்கிலாந்தின் சஃபோக் பிரதேசத்தில் 1992இல் அகப்பட்ட ரோமானியப் புதையலின் வெள்ளி மிளகுச் சிமிழ் அவற்றுள் ஒன்று. அந்தச் சிமிழுக்குள் இருந்திருக்கக்கூடிய மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு.

இத்தகைய நிகழ்ச்சிகளின் பெயர்களை மறுபடியும் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. பிரபலமானவை என்று செயலிகள் முன்வைக்கும் வரிசை பெரும்பாலும் நாடு வாரியாக அமைவது. இந்தியாவில் இருப்பவருக்கு இந்தியாவில் பலர் கேட்பவையே கண்ணில் படும். போகோட்டாவில் லட்சம் பேர் கேட்கும் நிகழ்ச்சியாயினும் அதன் பெயரை அதன் எழுத்திலேயே தட்டினாலொழிய வெளிப்படாது. பல ஆண்டுகளில், யாரோ சொல்லியும் எங்கோ படித்தும் ஒன்றொன்றாகச் சேர்ந்த பட்டியல் கைவிட்டுப் போனால், அதை மறுபடியும் உண்டாக்கித் தரும் சாமர்த்தியம் எந்தத் தேடுபொறிக்கும் இல்லை.

பட்டியலை இழக்காமல் காப்பாற்றுவது சாத்தியமாக இருந்ததற்குக் காரணமான அமைப்பு, இணையத்தில் மனிதர் செய்த காரியங்களுள் மிகவும் புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம். அதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்பது நிலையம் தன் சொந்த இடத்தில் வைத்திருக்கும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. புதிய கட்டுரைகளின் தலைப்புகளை அறிவிப்பதற்காக ஏற்பட்ட அந்தக் கோப்பில், டேவ் வைனர் என்ற நிரலாளர் 2000ஆம் ஆண்டின் இறுதியில், ஒலிபரப்பாளர் ஆடம் கரியின் தூண்டுதலால், ஒரு புதிய உறுப்பைச் சேர்த்தார்: ஒலிக்கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது, அதன் அளவு எத்தனை பைட், அது எந்த வகையைச் சேர்ந்தது என்ற மூன்று தகவல்களைத் தாங்கிய ஒற்றை வரி. பாட்காஸ்ட் உலகம் முழுவதும் அந்த வரியின்மேல்தான் நிற்கிறது.

நிலையம் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை என்பதுதான் இதில் நான் மெச்சும் நுட்பம். உங்கள் செயலியே அவ்வப்போது அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இடப்பட்டிருக்கும் தனி அடையாளத்தைத் தான் முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டு, புதியதாயின் எடுத்துவருகிறது. ஆகவே யார் யார் தன்னைத் தொடர்கிறார்கள் என்ற பேரேடு நிலையத்திடம் கிடையாது, ஒலியைப் பெற்றுக்கொள்ளும் சமயத்தில் இணைய எண் ஒன்று தெரியவருவதைத் தவிர. நடுவில் அனுமதி வழங்கும் அதிகாரி எவரும் இல்லாத காரணத்தினாலேயே, ஒரு மைக்கும் வாடகை இடமும் கொண்டு ஒரு மூலையிலிருந்து பேசுகிறவர், பெரிய வானொலி ஸ்தாபனங்களுக்குச் சமமாக உங்கள் காதுக்கு வந்து சேர்கிறார். எந்தச் செயலி மூடினாலும் அவருடைய கோப்பு அவருடைய இடத்திலேயே இருக்கிறது.

யூடியூபின் முறை இதிலிருந்து வேறுபடுகிறது என்பதை அறிவிப்புகள் விளங்கச் சொல்லவில்லை. ஒரு தயாரிப்பாளர் தம் ஃபீட்டை யூடியூபிடம் ஒப்படைத்தால், அது ஒலியின் பிரதி ஒன்றை எடுத்துத் தன்னிடத்தில் வைத்துக்கொள்கிறது. பிற்பாடு அவர் மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினாலும் பிரதி தானாகத் திருந்துவதில்லை. அங்கே கேட்கப்பட்டவை அவருடைய சொந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ‘மாற்றம்’ என்று நிறுவனம் குறிப்பிட்டது, திறந்த வெளியில் நின்ற ஒரு தொடர்பை ஒரு கணக்குக்குள், ஒரு நிறுவனத்தின் விதிகளுக்குள் கொண்டுபோவது என்றே நான் அர்த்தம் செய்துகொள்கிறேன். ஃபீட்டின் முகவரியை நீங்களாகவே யூடியூப் மியூசிக்கில் சேர்க்கும் வழியும் இருக்கிறது. அப்படிச் சேர்த்தால் ஒலி மூல இடத்திலிருந்தே வரும்.

ஆகவே கூகுள் பாட்காஸ்ட்ஸின் ஏற்றுமதிப் பக்கம் அப்போது காட்டிய இரண்டு வழிகளில், யூடியூப் மியூசிக்குக்கு அனுப்புவதோடு நின்றுவிடாமல், மற்றச் செயலிகளுக்கென்று கொடுத்த கோப்பையும் இறக்கிக்கொள்வது அவசியமாக இருந்தது. ஓ.பி.எம்.எல். என்ற வகையைச் சேர்ந்த அந்தக் கோப்பில் நிகழ்ச்சிகளின் பெயர்களும் ஃபீட் முகவரிகளும் மட்டுமே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து கண்ணால் படிக்கலாம், நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம், பத்து ஆண்டு கழித்து இன்னும் பிறக்காத ஒரு செயலியிலும் ஏற்றலாம்.

மற்றக் கேள்விகள்:

எந்தச் செயலி? ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டுமே இக்கோப்பை ஏற்கும். முன்னது முழுவதும் இலவசம்.

ஸ்பாட்டிஃபை? இக்கோப்பை ஏற்பதில்லை.

யூடியூப் மியூசிக்கில் பாட்காஸ்ட் கேட்கப் பணம் கட்ட வேண்டுமா? வேண்டாம்.

ஏற்கனவே இறக்கி வைத்திருந்த ஒலிகளும், பாதி கேட்டு நிறுத்திய இடமும் கூடவே வருமா? வாரா.

ஸ்பானிஷ் கதைக்கு நடுவே இந்திய விளம்பரம் ஒலிப்பது ஏன்? ஒலியை வைத்திருக்கும் நிறுவனம், கேட்பவரின் இணைய எண்ணிலிருந்து நாட்டை அறிந்து அந்தந்த நேரத்தில் செருகுவதால்.

எழுத்து வடிவம் கிடைக்குமா? ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் 2024 மார்ச் முதல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் நான்குக்கும் தானாகவே கிடைக்கிறது, தமிழுக்கு அப்போது இல்லை; ‘ரேடியோ ஆம்புலான்டே’ தன் தளத்திலேயே ஸ்பானிஷ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தருகிறது.

பேச்சு வேகமாக இருக்கிறதே? பெரும்பாலான செயலிகளில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் கற்பவர்களுக்கு டாய்ச்ச வெல்லே நிலையமே நிதானமாக வாசிக்கும் செய்தியைத் தனி ஃபீட்டாக வைத்திருக்கிறது.